கேமராவில் பதிந்த கடமானின் உயரமும் எடையும்: படத்திலிருந்து எவ்வளவு சொல்லலாம்?

கோத்தகிரிச் சரிவில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் கடைசி வரிசைக்கு அப்பால், ஓடைக்கரையில் நிற்கும் ஒரு சில்வர் ஓக் மரத்தில், மூன்றடி உயரத்தில் தானியங்கிக் கேமரா ஒன்றை அவர் கட்டி வைத்திருக்கிறார். பின்னிரவு இரண்டு மணி அளவில் கொம்புள்ள கடமான் ஒன்று அதன் முன்னால் குறுக்கே நடந்து போயிருக்கிறது. மானுக்குப் பின்னால் தெரியும் வேலிக் கல்தூண் ஐந்தடி. கணினித் திரையில் ஸ்கேலை வைத்து அளந்தபோது தூண் 10 செ.மீ. என்றும், மானின் குளம்பிலிருந்து தோள்வரை 12 செ.மீ. என்றும் வந்திருக்கிறது. ஆகவே மான் ஆறடி உயரம், 400 கிலோவுக்குக் குறையாது என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். இது சரியா, இரண்டு மாதத்துக்கு முன் அதே இடத்தில் சற்றுச் சிறிதாகப் பதிந்த மானும் இதுவும் ஒன்றுதானா, ஒன்றென்றால் இதற்குள் இவ்வளவு வளர்ந்திருக்குமா, படத்தைக் கொடுத்தால் எடையைச் சொல்லும் செயலி ஏதாவது உண்டா என்று கேட்கிறார். இத்தனை கேள்விகளுக்கும் விடை, ஒற்றைப் படத்துக்குள் நம்பத்தக்க அளவுகோல் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே அமையும்.

வனவிலங்கு உயிரியல் படித்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வைக்கப்படும் கேமராக்களின் படங்களை வகைப்படுத்துவதையும் அவற்றிலிருந்து அளவெடுப்பதையும் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். உயரத்தைச் சொல்ல முடியும். ஆனால் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அல்ல. கேமராவை அசைக்காமல், மான் நின்ற இடத்துக்கு நீங்கள் ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். எடையை அகலமான ஒரு வரம்பாக மட்டுமே சொல்லலாம். அந்த வரம்பை எவ்வளவு முயன்றாலும் ஓர் எல்லைக்கு மேல் குறுக்க முடியாது. இரண்டு மாத வளர்ச்சியைப் படத்திலிருந்து சொல்லவே முடியாது.

ஆறடிக் கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தானியங்கிக் கேமராப் படங்களில் மிகப் பரவலான பிழை இதுதான். ஒரு பொருள் இரட்டிப்புத் தொலைவுக்குப் போனால் படத்தில் அதன் உயரம் பாதியாகிவிடும். உங்கள் தூண் கேமராவிலிருந்து ஒன்பது மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மான் தூணை ஒட்டி நடக்கவில்லை. ஓடையின் இந்தப் பக்கத்து ஈர மண்ணில் குளம்புத் தடங்கள் இருந்ததாகவும் சொல்கிறீர்கள். அந்தத் தடங்கள் ஆறு மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்பது மீட்டரில் நிற்கும் ஏறத்தாழ 150 செ.மீ. தூண், ஆறு மீட்டரில் நட்ட 100 செ.மீ. குச்சியின் அளவுக்குத்தான் படத்தில் தெரியும். அந்த 100 செ.மீ.-ஐப் போல 1.2 மடங்கு இருக்கும் மான் 120 செ.மீ., அதாவது நாலடிக்குச் சற்றுக் குறைவு. ஆறடி எப்படி நாலடி ஆயிற்று என்பதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. விலங்குக்குப் பின்னால் நிற்கும் எதோடு ஒப்பிட்டாலும் விலங்கு பெரிதாகும், முன்னால் நிற்கும் எதோடு ஒப்பிட்டாலும் சிறிதாகும். காட்டுப் பாதைகளில் வைக்கும் கேமராவின் முன்னால் பெரும்பாலும் புதர் வெட்டப்பட்டிருக்கும், பின்னணியில்தான் மரமும் தூணும் பாறையும் இருக்கும் என்பதால், இணையத்தில் சுற்றும் ராட்சத மான், ராட்சதச் சிறுத்தைப் படங்களில் பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்கள் படத்திலேயே இதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. தூணின் உச்சி மானின் தோளைவிடச் சற்று மேலே தெரிகிறது. சமதரையில், நேராகப் பார்க்கும்படி கட்டிய கேமராவுக்கு ஓர் இயல்பு உண்டு: கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், படத்தில் ஒரே கிடைக்கோட்டில் விழும். உங்கள் கேமரா 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே அந்தக் கோடு தூணை 90 செ.மீ. உயரத்திலும் மானை 90 செ.மீ. உயரத்திலும் வெட்டும். மான் உண்மையில் 180 செ.மீ. இருந்து, தூணைவிடக் கேமராவுக்கு அருகிலும் நின்றிருந்தால், அதன் தோள் தூணின் உச்சியை வெகுவாகத் தாண்டி மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை என்பதால், தொலைவை அளக்கும் முன்பே ஆறடியைத் தள்ளிவிடலாம்.

இந்தக் கிடைக்கோட்டைத் தொலைவே தெரியாமல் உயரம் கணக்கிடவும் பயன்படுத்தலாம். குளம்பிலிருந்து தோள்வரை 1050 பிக்சலும், குளம்பிலிருந்து அந்தக் கோடுவரை 787 பிக்சலும் இருந்தால், 1050-ஐ 787-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க, 120 செ.மீ. வருகிறது. கோட்டைக் கண்டுபிடிக்க, 90 செ.மீ.-இல் குறியிட்ட இரண்டு குச்சிகளை வெவ்வேறு தொலைவில் நட்டுப் படமெடுத்தால் போதும். ஆனால் சமதரை என்ற நிபந்தனை இங்கே மிகக் கறாரானது. கேமரா கட்டிய மரத்தடியைவிட மான் நிற்கும் இடம் 15 செ.மீ. தாழ்ந்திருந்தால், கோடு அந்த இடத்தில் 105 செ.மீ. உயரத்தைக் குறிக்கும், நீங்களோ 90 என்றே கணக்கிடுவீர்கள். நீலகிரியில் ஓடைக்கரை என்றால் 15 செ.மீ. சரிவு என்பது பெரிய விஷயமே இல்லை. ஆகவே இந்த முறையைப் பெரிய தவறுகளைப் பிடிக்கும் சரிபார்ப்பாக வைத்துக்கொண்டு, உண்மையான அளவுக்கு, நீளம் தெரிந்த கம்பு ஒன்றை மான் நின்ற இடத்திலேயே நிறுத்திப் படமெடுத்து ஒப்பிடும் அளவுக்கம்பு முறைக்குப் போவதே நல்லது.

கணக்கு மட்டும் தெரிந்தால் கம்பு எதற்கு, லென்ஸின் கோணத்தையும் தொலைவையும் வைத்துப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம். 42 பாகைக் கிடைமட்டக் கோணமுள்ள கேமரா 4000 பிக்சல் அகலப் படம் தருகிறது என்றால், ஆறு மீட்டரில் ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ 870 பிக்சல் வரும். அதே படம் 52 பாகைக் கேமராவினுடையது என்றால் 680-தான் வரும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கோணம் லென்ஸினுடையதா, உடல் வெப்பத்தைக் கண்டு கேமராவை இயக்கும் உணரியினுடையதா என்பது பல நேரம் தெளிவாக இருக்காது. ஒரே கேமரா 4:3 அமைப்பில் ஒரு கோணத்தையும் 16:9 அமைப்பில் வேறொரு கோணத்தையும் தரக்கூடும். மெகாபிக்சல் எண்ணும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சென்சாரின் உண்மை எண் அல்ல, மென்பொருள் பெருக்கிக் காட்டுவது; அதனால் விகிதம் கெடாது, ஆனால் விளிம்பு மங்கும். இவை அனைத்தையும் தனித்தனியே சரிபார்ப்பதைவிட, அதே கேமரா, அதே அமைப்பு, அதே மரம் என்று வைத்துக்கொண்டு, தெரிந்த நீளமுள்ள ஒரு பொருளை அதே இடத்தில் நிறுத்திவிட்டால் அத்தனை பிழைகளும் ஒரே அடியில் கழிந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மீட்டர் நீளமுள்ள வெள்ளைப் பிவிசி குழாய் ஒன்றில் 10 செ.மீ.-க்கு ஒரு பட்டையாகக் கறுப்பு டேப் சுற்றுங்கள். கேமராவை மரத்திலிருந்து கழற்றாதீர்கள். மெமரி கார்டை மறுபடி எடுக்கப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள், ஏனென்றால் திறந்து மூடும்போதே கோணம் சற்று மாறிவிடும். குளம்புத் தடம் இன்னும் தெரிந்தால், இரண்டு முன்னங்குளம்புகளுக்கும் நடுவில் கம்பைச் செங்குத்தாக நிறுத்துங்கள். செங்குத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாம். ரசமட்டத்தை ஒட்டியோ, ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோ பாருங்கள். உதவிக்கு வந்தவர் கேமராவின் முன் ஒருமுறை நடந்தால் படம் தானாக விழும். பிறகு அதே கம்பை அரை மீட்டர் முன்னாலும் அரை மீட்டர் பின்னாலும், இடத்திலும் வலத்திலும் வைத்துப் படமெடுங்கள். பகலில் எடுப்பது நல்லது. இரவில் எரியும் அகச்சிவப்பு விளக்கில் சில கறுப்பு டேப்கள் வெளுத்துத் தெரிந்து பட்டைகள் மறைந்துவிடும்.

இப்போது மான் படத்தையும் கம்புப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்னணி மரங்களும் தூணும் கச்சிதமாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் இடையில் கேமரா நகர்ந்திருக்கிறது. குரங்கு இழுத்திருக்கலாம், கட்டிய பட்டை தளர்ந்திருக்கலாம். அந்தப் படத்தை அளவுக்குப் பயன்படுத்தக் கூடாது. பொருந்தினால், மானின் முன்குளம்பு இருந்த புள்ளியில் நின்ற கம்பில் ஒரு மீட்டர் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். 875 என்று வந்து, மான் 1050 பிக்சல் என்றால் உயரம் 120 செ.மீ. கம்பைத் தவறுதலாக அரை மீட்டர் முன்னால் வைத்துவிட்டால் ஒரு மீட்டர் 955 பிக்சலாகத் தெரியும், அதே மான் 110 செ.மீ.-ஆகக் குறைந்துவிடும். அரை மீட்டர் இட மயக்கம் பத்து சென்டிமீட்டர் உயர மயக்கமாகிறது என்பதை மனத்தில் வையுங்கள். மான் எவ்வளவு அருகில் போகிறதோ அவ்வளவுக்கு இந்தப் பிழை பெருகும். மிகத் தொலைவில் போனால் பிழை குறைந்தாலும் இரவு விளக்கு எட்டாமல் விளிம்பு மங்கிவிடும். ஐந்து முதல் எட்டு மீட்டர் வரை, படத்தின் நடுப்பகுதியில் பதிந்த விலங்குதான் அளவெடுக்கத் தோதானது. ஓரங்களில் லென்ஸ் வளைத்துக் காட்டும்.

ஆகவே எல்லாம் குளம்பு தரையைத் தொட்ட புள்ளியைச் சார்ந்திருக்கிறது. முழங்கால்வரை புல் இருந்தால் அந்தப் புள்ளி தெரியாது. அப்போது உயரத்தின் கீழ்முனையும் போகிறது, தொலைவும் போகிறது. அத்தகைய படத்திலிருந்து ஓர் எண்ணைச் சொல்கிறவர் ஊகத்தைச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் ஓடையோர மண் வெறுமையாக இருப்பது அதிர்ஷ்டம். இரண்டு அடிக்கு இரண்டு அடி புல்லை அவ்வப்போது செதுக்கிவிட்டாலே அடுத்த படங்கள் பயன்படும்.

எதை அளப்பது என்பதும் முக்கியம். உடல் நீளத்தை அளக்காதீர்கள். மான் கேமராவுக்குச் சரியாகப் பக்கவாட்டில் நிற்காமல் 30 பாகை திரும்பியிருந்தால் நீளத்தில் 13 விழுக்காடு காணாமல் போய்விடும். 45 பாகை திரும்பினால் 29 விழுக்காடு. அந்தத் திருப்பத்தைக் கண்ணால் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. தோள் உயரம் இப்படித் திரும்புவதால் மாறாது. மேலும், இரவில் கேமரா மெதுவாகத்தான் ஒளியைச் சேர்க்கும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கும் மான் அதற்குள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்து, மூக்கும் பிட்டமும் இழுபட்டுத் தெரியும். அப்படி இழுபடுவது கிடைவாக்கில் நடப்பதால் உயரத்தைப் பெரிதாகக் கெடுக்காது. தொடர்ச்சியாக எடுத்த மூன்று நான்கு படங்களில், முன்னங்கால் தோளுக்கு நேர் கீழே செங்குத்தாக இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கால் நீட்டி நடக்கும்போதும், தலையைத் தாழ்த்தி மேயும்போதும் தோள்மேட்டின் நிலை சற்று மாறும். கடமானின் கழுத்திலும் தோளிலும் இருக்கும் பிடரிமயிர் சிலிர்த்திருந்தால் அதையும் சேர்த்து அளந்துவிடக் கூடாது. மயிருக்கு அடியில் முதுகுக்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். இவ்வளவும் கவனித்தால், என் அனுபவத்தில், ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் முன்பின்னாக உயரம் கிடைக்கும்; அதைவிடத் துல்லியம் என்று யாராவது சொன்னால் எப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்பேன். பழைய வேட்டை நூல்களில் வரும் உயரங்களோடு இதை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். அவை சுட்டு வீழ்த்திய விலங்கைத் தரையில் கிடத்தி, காலை இழுத்து நேராக்கி, முளை அடித்து அளந்தவை. நிற்கும் விலங்கைவிட அவை கூடுதலாகவே வரும்.

விலங்கின் உடம்பிலேயே அளவுகோல் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் வெள்ளைவால் மானின் படங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்: காதுகள் விறைத்து நிற்கும்போது நுனிக்கு நுனி சுமார் 16 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டுக் கொம்பின் அகலத்தைக் கணக்கிடுவார்கள். அங்கே ஒவ்வோர் ஆண்டும் சட்டப்படி வேட்டையாடப்படும் லட்சக்கணக்கான மான்களை நேரில் அளந்து பார்க்க வாய்ப்பிருப்பதால் அந்த எண்ணுக்கு அடிப்படை உண்டு. அதைக் கொண்டுவந்து கடமானுக்குப் பொருத்துவது வெறும் இரவல். மேலும், காது கொம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் கொம்புக்கு ஓரளவு பொருந்தும். காதை அலகாக வைத்து உடலை அளந்தால் காதில் செய்யும் ஒரு சென்டிமீட்டர் பிழை உடலில் ஆறேழு மடங்காகும்.

இனி எடைக்கு வருகிறேன். வளர்ந்த கடமானின் தோள் உயரம் பெரும்பாலும் 100 முதல் 160 செ.மீ. வரை இருக்கும், கடமான் பரவியிருக்கும் தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவையே உருவில் பெரியவை. வளர்ந்த ஆண்கள் 200 கிலோவை ஒட்டியும் தாண்டியும் இருக்கும், நல்ல பெரிய ஆண் 300 கிலோவை எட்டும். ஆனால் உயரத்திலிருந்து எடைக்குத் தாவும்போது பிழை மும்மடங்காகப் பெருகுகிறது. உடல் வடிவம் மாறாமல் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், நீளமும் அகலமும் அதே அளவு கூடும், எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மேலே சொன்ன 120-க்கும் 110-க்கும் இடையிலான மயக்கத்தை எடுத்துக்கொண்டால், 120 செ.மீ. மான் 200 கிலோ என்று கொண்டால் 110 செ.மீ. மான் 154 கிலோ. கம்பை அரை மீட்டர் தள்ளி வைத்ததால் மட்டும் 46 கிலோ போய்விட்டது. இது உயரப் பிழையின் விளைவு மட்டுமே. ஒரே உயரமுள்ள இரண்டு மான்கள் ஒரே எடையில் இருப்பதில்லை என்பது தனி.

கால்நடை மருத்துவர்கள் தராசு இல்லாத இடத்தில் மாட்டின் எடையைக் கணக்கிட ஷேஃபர் சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள்: நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை. படத்திலிருந்து கடமானுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பக்கவாட்டுப் படத்தில் நமக்குத் தெரிவது நெஞ்சின் ஆழம்தான், சுற்றளவு அல்ல. மாட்டைவிட மானின் நெஞ்சுக்கூடு பக்கவாட்டில் ஒடுங்கியது, எனவே ஆழத்தை வைத்து வட்டமாகக் கற்பனை செய்தால் எடை கூடிவிடும். அந்த 300 என்ற எண்ணும் மாடுகளை நிறுத்துக் கண்டது. யானைக்கு முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும் என்று பாகன்கள் அறிந்த கணக்கு ஒன்று உண்டு. தடத்தை அளந்தாலே போதும். மானின் குளம்புக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. ஈர மண்ணில் குளம்பு விரிந்து பதியும், ஒரே மானின் தடம் மண்ணுக்கு மண் மாறும்.

இதற்கு மேல் பருவமும் இருக்கிறது. குளிர்காலத்தை ஒட்டிய இணைசேரும் காலத்தில் ஆண் கடமானின் கழுத்து பருத்து, மயிர் அடர்ந்து, முன்பாதி முழுக்கக் கனத்துத் தெரியும். அதே காலத்தில் அது சரியாக மேயாமல் அலைந்து எடையை இழக்கும். ஆக, படத்தில் மிகப் பெரிதாகத் தெரியும் நாட்களில் மான் உண்மையில் மெலிந்துகொண்டிருக்கலாம். சேற்றில் புரண்டு வந்த மான் கறுத்து, மயிர் ஒட்டி, வேறு விலங்கைப் போலத் தோன்றும். உங்கள் மான் 120 செ.மீ.-தான் என்று கம்பு உறுதிசெய்தால், 150 முதல் 230 கிலோவுக்குள் என்று நான் எழுதி வைத்துக்கொள்வேன். 400 கிலோ அந்த உயரத்துக்குப் பொருந்தாது. நடுவில் ஒரு துல்லியமான எண் வேண்டுமென்றால், அதைத் தராசுதான் தர முடியும்.

கொம்பைப் பார்த்து வயது சொல்லுங்கள் என்பது அடுத்து வரும் கேள்வியாக இருக்கும் என்பதால் சுருக்கமாக: கடமானின் முதல் கொம்பு கிளையற்ற முள்போல் இருக்கும், பிறகு இரண்டாகப் பிரியும், நன்கு வளர்ந்த ஆணுக்குப் பக்கத்துக்கு மூன்று கிளைகள். மூன்று கிளைகள் வந்த பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் கிளை கூடுவதில்லை. ஆகவே கிளையற்ற கொம்பு இளைய மானைக் காட்டும் என்பது உறுதி. மூன்று கிளைக் கொம்பு வளர்ந்த மான் என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. உடற்கட்டு இதைவிட நல்ல துப்பு. நெஞ்சின் ஆழத்தைவிட அதற்குக் கீழே தெரியும் கால் நீளமாக இருந்தால் இளம் மான், நெஞ்சு இறங்கிக் கால் குட்டையாகத் தோன்றினால் முதிர்ந்தது. இந்த விகிதத்துக்கு அளவுக்கம்பே தேவையில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே தொலைவில் இருக்கின்றன. ஆண்டுக் கணக்கில் வயதைச் சொல்ல இது போதாது. இளையது, நடுவயது, முதிர்ந்தது என்று பிரிக்கப் போதும்.

இரண்டு மாதத்துக்கு முந்தைய மானும் இதுவும் ஒன்றா என்பதற்கு உருவ அளவு சாட்சியாகாது. முந்தைய படத்தில் 115, இப்போது 120 என்றால், இரண்டும் அளவெடுப்பின் பிழை எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. அது வளர்ச்சி அல்ல. வளர்ந்த மானின் எலும்பு இரண்டு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நீளாது. புள்ளிமானின் உடலில் புள்ளி அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் தெளிவான பகல் படத்தில் ஒப்பிடலாம். கடமானுக்கு அந்த வசதி இல்லை. காதில் கிழிசல், தழும்பு, கொம்பின் வளைவு, ஒடிந்த கிளை இவற்றைத்தான் பார்க்க வேண்டும். கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பதால், கொம்பை வைத்துச் செய்யும் அடையாளம் அந்த ஒரு கொம்பு தலையில் இருக்கும்வரை மட்டும் செல்லும். இரண்டு படங்களிலும் ஒரே பக்கம் தெரிகிறதா என்பதையும் முதலில் பாருங்கள். இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் ஒப்பிட்டுவிட்டு வேறு மான் என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

செயலி விஷயம். மெகாடிடெக்டர் போன்ற மென்பொருள் படத்தில் விலங்கு இருக்கிறதா என்று கண்டுபிடித்துக் கட்டம் போட்டுக் காட்டும். ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்களைக் கழிக்க அது பேருதவி. ஆனால் அந்தக் கட்டத்தில் கொம்பும் சேர்ந்திருக்கும், ஆகவே கட்டத்தின் உயரம் தோள் உயரம் அல்ல. ஒற்றைப் படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கும் மென்பொருள்களும் வந்திருக்கின்றன. எது முன்னால், எது பின்னால் என்பதை நன்றாகவே சொல்கின்றன, எத்தனை மீட்டர் என்பதற்கு அவற்றுக்கும் தரையில் அளந்த சில தொலைவுகள் வேண்டும். பிக்சலை எண்ண இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதுமானது. எடையைச் சொல்வதாகக் கூறும் செயலிகள் பெரும்பாலும் பண்ணை விலங்குகளை நினைத்துச் செய்தவை. ஆய்வாளர்கள் இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், தெரிந்த இடைவெளியில் இணையாகச் செல்லும் இரண்டு லேசர் புள்ளிகளை விலங்கின்மேல் விழச் செய்து படமெடுப்பார்கள். ஆல்ப்ஸ் மலை ஐபெக்ஸ் ஆடுகளின் கொம்பை அப்படி அளந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆள் அங்கே இருக்க வேண்டும், விலங்கும் நிற்க வேண்டும்.

கேமராவின் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் புலிக் கணக்கெடுப்புக்காகப் பெருமளவில் கேமராக்கள் வைக்கப்படுகின்றன. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டும் 26,838 இடங்களில் வைத்து 3.48 கோடிப் படங்கள் எடுத்தார்கள். அவை புலியின் விலாக்கோடுகள் பதியும்படி முழங்கால் உயரத்தில் கட்டப்படுபவை. அந்த உயரத்தில் அருகே போகும் கடமானின் தலையும் கொம்பும் படத்துக்கு வெளியே போய்விடும், கீழிருந்து பார்ப்பதால் உருவமும் பிரமாண்டமாகத் தோன்றும். உங்கள் மூன்றடி கடமானுக்குச் சரியான உயரம்தான். கேளையாடு, சருகுமான் இவற்றையும் பார்க்க ஆசையென்றால் இன்னொரு கேமராவைத் தாழ்வாக வைக்கலாம். சருகுமான் ஓர் அடி உயரம்கூட இருக்காது, கேளையாடு இரண்டடியை ஒட்டி இருக்கும். மங்கலான இரவுப் படத்தில் வடிவம் தெரியாமல் எந்த விலங்கு என்று குழம்பும்போது, பத்து சென்டிமீட்டர் பிழையுள்ள அளவுகூட அங்கே முழு விடையாகிவிடும். அளவெடுப்பது உண்மையில் மிகவும் பயன்படுவது இத்தகைய இடத்தில்தான் என்பது என் கருத்து.

மழை பெய்து தடம் அழிவதற்கு முன் கம்பு வேலையை முடித்துவிடுங்கள். மானை அதே இடத்துக்கு வரவழைக்க உப்போ காய்கறிக் கழிவோ போட வேண்டாம். அது கடமானை மட்டுமல்ல, காட்டுமாட்டையும் கரடியையும் தோட்டத்துக்குள் கொண்டுவரும். ஓடைக்கு அந்தப் பக்கம் வனத்துறை நிலம் என்றால் கேமராவை அங்கே நகர்த்த அனுமதி வாங்க வேண்டும். உதிர்ந்த கொம்பு கிடந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது சிக்கலாகிவிடும். படங்களைப் பொதுவெளியில் போடும்போது இடத்தின் பெயரையும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள். மான் படத்தோடு ஐந்து இடங்களில் எடுத்த கம்புப் படங்களையும், சுருக்காமல் மூல அளவிலேயே, கேமரா தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு பதிவிட்டால், உயரத்தை நான் கணக்கிட்டு, பிழை எல்லையோடு இங்கேயே எழுதுகிறேன்.